பக்கத்து இருக்கையின் எடை

ஆள் இல்லாத பக்கத்து இருக்கைக்கு சீட் பெல்ட் மணி அடித்தது.

மூன்று நாட்களாக இப்படித்தான். மெக்கானிக்கிடம் காட்டியபோது சிரித்தான். "காத்து உக்காந்தா அடிக்காதுண்ணே. வெயிட்டு வேணும்."

இருக்கையில் ஒரு காகிதம்கூட இல்லை. டிரைவர் சீட்டிலிருந்தபடி அவன் அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. வண்டியை எடுத்தான். மருந்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டு முடித்தாயிற்று. இனி மாமியாருக்கு இந்த மாத மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் மனைவியும் கூட வருவாள். ஏறியதும் அவன் போனை வாங்கி மடியில் வைத்து, மேலே கையை வைத்துக்கொள்வாள். "நீங்க ரோட்டைப் பாருங்க." வருகிற செய்திக்கெல்லாம் அவன் பெயரில் அவளே பதில் தட்டுவாள். போனில் இருக்கிற மரியாதை நேரில் இல்லையே என்று கடைக்காரர்கள் அவனைக் கேலி செய்வார்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அவள் தூங்கிவிட்டாள். தன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் கண்விழித்தவள். போன் அதிர்ந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அவள் கைக்கடியிலிருந்து மெல்ல உருவி, 'சரி' என்று தட்டினான். இரண்டு எழுத்து. நிமிர்ந்தபோது கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முதுகு.

நாய் குறுக்கே வந்தது என்று எல்லாரிடமும் சொன்னான். மகளைப் பறிகொடுத்த மாமியார் அவன் தலையைத் தடவினாள். "நீ என்னப்பா பண்ணுவ." அவனுக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது; வைப்பர் ஒருமுறை கீச்சிட்டு வழித்து மறுமுறை வருவதற்குள் கிடைத்த சின்ன அமைதியில், பின்னால் கிடந்த காலி அட்டைப்பெட்டிகளின் நெடிக்கும் மருந்து வாசனைக்கும் அடியிலிருந்து, அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணம் மெதுவாக எழுந்து வந்தது, அதன் பின்னால் யாரோ தூக்கத்தில் விடுவது போல ஒரு மூச்சும் வந்தது.

பக்கத்தில் வெளிச்சம் விழுந்தது.

போனை அவன் பின்னால், பெட்டிகளுக்கு நடுவே போட்டிருந்தான். ஒரு வருடமாக அங்கேதான் போடுகிறான்.

இப்போது அது இருக்கையில் இருந்தது. மாமியாரின் செய்தி.

'மழை பெய்யுது. மெதுவா வாப்பா. நாய்ங்க திரியுற ரோடு.'

அவன் ரோட்டைப் பார்த்தான். ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர்.

அனுப்பியதற்கான சின்ன ஓசை.

பார்க்கக்கூடாது. பார்த்தான்.

அவன் பெயரில் பதில் போயிருந்தது. 'நாய் வரலம்மா.'

அடுத்த வரி எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது. 'அவர் கையில'

ரோடு. போன். ரோடு.

'அவர் கையில போன்'

அவன் கை நீண்டது. மெல்ல. தூங்குகிறவளை எழுப்பிவிடக்கூடாது என்பது போல. அன்று நீண்ட மாதிரியே.

விரலில் போன் படவில்லை.

ஒரு கை. போனை மூடியிருந்தது. வெதுவெதுப்பாக.

போனை இழுத்தான்.

இந்த முறை அது விடவில்லை.

கண்ணோரத்தில் ஒரு லாரியின் சிவப்பு விளக்குகள் பெரிதாகின. வெற்று இருக்கையில் பெல்ட் மூச்சுக்கு ஏற்ப மெதுவாக ஏறியது. இறங்கியது. ஏறியது.