மூடினால் மூடியதுதான்

சீப்பு எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனதுதான் முதல் சங்கடம். இருபது வருஷமாக அழகு நிலையத்தில் யார் யார் தலையையோ வாரிய கை அவளுடையது; சிக்கு எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். தன் தலையை விரலால் தடவினாள். உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு முடியே இல்லை, நனைந்த சோப்பைத் தொட்டாற்போல வழவழவென்று இருந்தது, லேசாகக் கருகல் வாடையும் அடித்தது.

தோல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இழுத்துக் கொண்டை போட்டாலும் இப்படி வரும், தீப்புண்ணாலயும் வரும். உங்களுக்கு உடம்பே மயிர்க்கால அழிக்குதும்மா. அந்த இடத்துல தழும்பு வந்து மூடிக்குது."

"திறக்க வைக்க முடியாதா டாக்டர்?"

"மூடினா மூடினதுதான். பரவாம வேணா பாத்துக்கலாம்."

"இது தொத்துமா? வீட்ல பொண்ணு இருக்கா. எட்டு வயசு."

"சேச்சே, தொத்தாது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தாள். என் தலை போனால் போகட்டும், அவளை விட்டுவிடு என்று யாரிடம் என்று தெரியாமலே தினமும் கெஞ்சினாள். மாத்திரை வேளை தவறவில்லை. வழவழப்பு நெற்றிக்கு இறங்கியது. புருவமும் போனது. "இனிமே உனக்குப் புருவம் திருத்துற வேலை மிச்சம்டி" என்றாள் கூட வேலை பார்க்கும் அக்கா. சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள்.

அன்று காலை முகம் கழுவும்போது கம்மல் கழன்று விழுந்தது. எடுத்துப் போடப் போனாள். காதில் துளை இல்லை. முன்னும் பின்னும் தடவினாள். அதே வழவழப்பு.

சுண்டுவிரலை இரண்டு காதுக்குள்ளும் விடப் பார்த்தாள். நுனிகூட நுழையவில்லை. குழாய்த் தண்ணீர் எங்கோ தூரத்தில் விழுந்தது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

கண்ணாடியில், அவளுக்குப் பின்னால் மகள். பள்ளிச் சீருடை. ஒரு கையில் சீப்பு. மறு கையில் தன்னுடைய குட்டிக் கம்மல்.

ஏதோ சொல்கிறாள். கேட்கவில்லை. உதட்டைத்தான் படிக்க முடிந்தது.

"ஓட்டையே இல்லம்மா."

திரும்பி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அடுத்த வார்த்தைக்கு அந்த உதடுகள் பிரியவில்லை. பிரிகிற இடத்தில் கோடே இல்லை. மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழவழவென்று மினுமினுத்தது. கண்கள் மட்டும் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன.