ஆள் பொத்தான்

பின்னேரம் நாலு பத்துக்குக் கருவியில் இருந்த ஆள் இருபது மீற்றர் தள்ளிப்போனான்.

ஜெமீல் முதலில் வள்ளத்தைத்தான் சந்தேகித்தான். பங்குனிக் கடல் ஆறிப்போன எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத இந்த வருஷத்தில் அவனும் மச்சான் அஹ்ஸனும் சேர்ந்து தைத்த பாய் காற்றில்லாமல் மரத்தோடு ஒட்டித் தொங்கியது. வள்ளத்தின் சூடேறிய பைபரிலிருந்து பழைய மீன் இரத்தத்தின் வாடை விட்டுவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. நங்கூரக் கயிறு நேராகக் கீழே இறங்கியிருந்தது. ஆழம் காட்டும் பெட்டியில் பதினாறு மீற்றர். அரை மணித்தியாலமாக அதே பதினாறு. வேகம் பூச்சியம். வள்ளம் இழுபடவில்லை.

ஆள் என்பது ஜிபிஎஸ் கருவியில் ஒரு பொத்தான். யாராவது கடலில் விழுந்தால் அதை அழுத்தவேண்டும். அந்த இடத்தில் சின்ன மனிதப்படம் ஒன்று வந்து நிற்கும். மற்றக் குறிகளுக்குப் பெயர் எழுதவேண்டும், நாலைந்து தரம் அழுத்தவேண்டும். இதற்கு ஒரே அழுத்து. அதனால் அவர்கள் வலை போட்ட இடத்தை அதிலேயே குறித்தார்கள். எங்கட வீட்டில உழைக்கிற ஆள் வலைதானே மச்சான் என்று அஹ்ஸன் பகிடி விடுவான்.

கருவியில் ஒரு ஆள்தான் நிற்கும். திரும்ப அழுத்தினால் பழைய இடம் அழிந்துபோகும்.

நாற்பத்தொரு நாளுக்கு முன் பாய்க்கம்பு அடித்து அஹ்ஸன் விழுந்தபோது ஜெமீலின் பெருவிரல் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தினால் வலை போய்விடும். தலை தெரிந்தது. திருப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அன்றைக்கு நல்ல காற்று. வள்ளத்தைத் திருப்ப நேரம் எடுத்தது. பிறகு தலை தெரியவில்லை.

தேட வந்தவர்கள் கருவியைப் பார்த்தார்கள். மூன்று நாள் அந்தக் குறியையே சுற்றினார்கள். அது வலை கிடக்கும் இடம் என்று ஜெமீல் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் தனியாக வந்து வலையைத் தூக்கினான். ஒரு கண்ணும் அறவில்லை.

அஹ்ஸனின் மையித்து கரை ஒதுங்கவில்லை. ஜெமீலின் தங்கையும் அஹ்ஸனின் மனைவியுமான றம்ஸியா, புருஷன் இறந்தவள் வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கும் இத்தா இருக்க மாட்டேன் என்றாள். பள்ளிவாசலில் இருந்து வந்து கதைத்தார்கள். என்ர புருஷன்ர மையித்தைக் காட்டுங்கோ, இருக்கிறன் என்றாள். வாசல் கதவை இரவும் பகலும் திறந்தே வைத்தாள். அவன் உடுத்திருந்த சாரத்தின் ஒரு துண்டையாவது அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றுதான் ஜெமீல் நாளாந்தம் கடலுக்கு வந்தான். வந்து ஆள் குறியிலேயே நங்கூரம் போட்டான். விழுந்த இடம் அவனுக்கும் தெரியாது.

நாற்பது மீற்றர்.

நூற்றிப்பத்து.

கருவியை அணைத்துத் திரும்பப் போட்டான். நூற்றித் தொண்ணூறு. குறி நகராது. நகர வழியில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நிமிஷத்துக்கு எழுபது மீற்றர். ஒருவர் அவசரமில்லாமல் நடக்கிற வேகம். திசை மேற்கு. கரை.

தண்ணீரின்மேல் ஒன்றும் தெரியவில்லை.

தங்கைக்குப் போன் எடுத்தான். கதவைப் பூட்டச் சொன்னான். வெயில் தலைக்குள்ள ஏறிட்டுதோ நானா என்று அவள் சிரித்தாள். கள்ளர் திரிகிறார்களாம் என்றான். எங்கட வீட்டுக்கு வாற கள்ளன் ஏதாவது வச்சிட்டுத்தான் போகவேணும் என்றாள். நாற்பத்தொரு நாளில் அவள் சிரித்தது அன்றுதான். ஒரு தரம் எனக்காகப் பூட்டு என்று கெஞ்சினான். பூட்டினால் அவர் வந்து தட்டிக்கொண்டு நிற்கவேணும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நங்கூரம் வரவில்லை. கயிற்றை அறுத்தான். ஒற்றைத் துடுப்பால் வலித்தான். வலிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கரை கிட்ட வரவில்லை.

அறுநூறு.

ஆயிரத்து நூறு.

படத்தில் கடல் நீலம். தரை மஞ்சள். ஆள் நீலத்தின் விளிம்பில் நின்றான். ஒரு நிமிஷம். இரண்டு. பிறகு மஞ்சளில் ஏறினான்.

றம்ஸியாவின் வீட்டுக்கும் கருவியில் ஒரு படம் இருந்தது. ஆள் அதை நோக்கி நேராகப் போகவில்லை. சந்தியில் திரும்பினான். பள்ளிவாசல் ஒழுங்கையால் போனான். தெரிந்தவன் போகிற வழி.

திரும்பவும் றம்ஸியாவுக்கு எடுத்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை.

வலித்தான்.

வீட்டுப் படமும் ஆளும் ஒன்றின்மேல் ஒன்று. ஆள் நின்றுவிட்டான்.

பாய் அசையவில்லை. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. போன் அடித்தது. காதில் வைத்தான். அங்கேயும் சொட்டுகிற சத்தம். றம்ஸியா மெதுவாகக் கதைத்தாள்.

“நானா, அவர் வந்திட்டார். கதிரையில இருக்கிறார். முகத்தைத் திருப்ப மாட்டன் எண்டுறார். வலை கிடைச்சதோ எண்டு உங்களிட்டக் கேக்கட்டாம்.”