பௌரோவின் பபாய் வாடிய வாரம்

அந்த வருஷம் தீவில் ஊர் கூடும் மனேபாவுக்குப் புதுக் கூரை வேய்ந்திருந்தார்கள். மன்றம் முழுக்கத் தாழையோலை மணக்கும். இப்போது தகரக் கூரை வந்துவிட்டது. ஆனாலும் தாழையோலை வாசனை எங்கே அடித்தாலும் பிரிபோவுக்குக் கம்பவுண்டர் ருதேருவின் ஞாபகம் வந்துவிடும், கூடவே ரோத்தியா அக்காவின் பபாய்ச் சேம்பு வாடிய அந்த வாரமும்.

பிரிபோ அப்போது அரசாங்க வயர்லெஸ் ஆபரேட்டர். கப்பல் வராத நாளில் வேலை கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்து கம்பவுண்டருக்குத் துணையாக ஊர் வம்பை அளந்துகொண்டிருப்பான். ருதேரு தெற்கே வேறொரு தீவுக்காரர். இங்கே அவருக்கு நிலமில்லை, நல்ல தண்ணீர் ஊறும்வரை தோண்டிப் பபாய் நடுகிற குழியும் இல்லை. அதனாலேயே வழக்கு என்றால் ஊர் அவரிடம் வரும். பபாய்க்கு என்ன உரம் வைக்கிறோம் என்பதை அப்பன் பிள்ளையின் காதில் மட்டும் சொல்கிற ஊர் அது. புருஷன் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டான்.

ரோத்தியா அன்று காலை வந்து, ஆள் உயரச் சேம்பிலை ஒன்றை மேஜைமேல் போட்டாள். நனைந்த பாய் மாதிரி அது தொங்கிற்று. ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது.

"எம்மவன் இயோவானே பொறந்தப்ப அவங்கப்பா நட்டது, கம்பவுண்டரய்யா. அவன் கல்யாணப் பந்திக்குன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தாரு. அந்த மனுஷன் போயிட்டாரு, இது ஒண்ணுதான் நின்னுச்சு. பக்கத்துக் குழிக்காரன் தெகோவா கடல் தண்ணிய ஊத்திட்டான்."

தெகோவா வேறு யாருமில்லை, சம்பந்திதான். அவர் மகள் மரேத்தாவுக்கும் இயோவானேவுக்கும் அடுத்த வாரம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை மனேபாவில் பெரியவர்கள் கூடி, தெகோவா குற்றவாளி என்று சொல்லிவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். ரோத்தியா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று பிரிபோவுக்குத் தோன்றிற்று.

குழிக்குப் போகிற வழியெல்லாம் பிரிபோ தன் கண்டுபிடிப்பைச் சொல்லிக்கொண்டே வந்தான். தெகோவா தினமும் பாளை சீவ ஏறும் தென்னை அந்தக் குழியின் ஓரத்திலேயே நிற்கிறது. பாளை சீவுகிறவன் உச்சியில் பாடுவது ஊர் வழக்கம். மேலே ஆளிருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அந்த மனுஷன் சில நாளாகப் பாடவே இல்லை.

"குத்தமுள்ள நெஞ்சுண்ணே. பாட்டு எப்படி வரும்?" என்றான்.

"வயர்லெஸ்ஸ விட வேகமா அடிக்கிறியேடா," என்றார் ருதேரு.

குழிக்குள் இறங்கியதும் அவர் பிரிபோவைத் தண்ணீரை அள்ளிச் சுவைக்கச் சொன்னார். உப்புக் கரிக்கவில்லை, நல்ல தண்ணீர். சுற்றி நின்ற சின்னச் செடிகள் பச்சைப்பசேலென்று இருந்தன. ரோத்தியாவின் புருஷன் பௌரோ நட்ட அந்த ஒன்று மட்டும், உரம் கரையாமலிருக்க அடியைச் சுற்றித் தாழையோலையில் முடைந்த கூடைக்குள், தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தால் துவண்டிருந்தது.

ரோத்தியாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ருதேரு கூடைக்குள் கையை விட்டார். பிரிபோ முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் எடுத்துக் கொடுத்த இலைகளை மட்டும் அவன் பின்பக்கமாகக் கை நீட்டி வாங்கினான். எல்லாம் ஈரப்பலா இலைதான். மேலடுக்கு முழுசு முழுசாக இருந்தது. அடுத்தது கிழித்துப் போட்டது. அதற்கும் கீழே நாலாக மடித்து வைத்தது. எல்லாமே இன்னும் மக்காத இலை.

பிறகு அவர் இரண்டு கொட்டாங்கச்சி கேட்டார். ஒன்றில் குழித் தண்ணீர், மற்றதில் கூடை மண்ணைப் பிழிந்த சாறு. பக்கத்துச் செடியின் கிழங்கில் மெல்லிய சீவல்களை அறுத்து இரண்டிலும் போட்டார். சாயங்காலம் இரண்டு குடும்பத்தையும் குழியோரம் வரச் சொன்னார்.

நாலு பேரும் வந்தார்கள். தெகோவா யார் முகத்தையும் பார்க்கவில்லை. மரேத்தாவின் கண் வீங்கியிருந்தது. இயோவானே அவளுக்கும் தன் அம்மாவுக்கும் நடுவே நின்று, யார் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தான்.

ருதேரு குழித் தண்ணீரில் கிடந்த சீவலை எடுத்து ஒடித்தார். அது சட்டென்று முறிந்தது. சாற்றில் கிடந்தது விரலில் துணி மாதிரிச் சுற்றிக்கொண்டது.

"மீனுக்கு உப்புப் போட்டா தண்ணி வெளிய வருதில்ல, அதே கதைதான் இது. வேர்ல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறைங்க. ஒவ்வொண்ணையும் சுத்தி மெல்லிசா ஒரு ஜவ்வு. தண்ணி அது வழியா போகும், வரும். எந்தப் பக்கம் உப்புச் சத்து கெட்டியா இருக்கோ, அந்தப் பக்கமே ஓடிரும். அளவா உரம் வெச்சா செடி குடிக்கும். அளவு மீறினா செடிகிட்ட இருக்கிறதையும் மண்ணு உறிஞ்சிரும். ஆஸ்பத்திரியில ரத்தத்துல தண்ணி ஏத்தணும்னாக்கூட உப்ப அளந்து கலந்துதான் ஏத்துறோம்."

"அப்ப கடல் தண்ணி?" என்றாள் ரோத்தியா.

"கடல் தண்ணின்னா குழியே கரிச்சிருக்கும், சின்னச் செடியும் போயிருக்கும். கெட்டது கூடைக்குள்ள மட்டுந்தான். அதுவும் பகையில செஞ்சதில்லை. பகைக்காரன் உரத்தை வெச்சுட்டு, பதமா இலை போட்டு மூடுவானா? முழுசா ஒருத்தர், கிழிச்சு ஒருத்தர், மடிச்சு ஒருத்தர். மூணு கை. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், கல்யாணத்துக்குள்ள பெருக்கட்டும்னு ஊட்டியிருக்கீங்க."

தெகோவா பாடாததற்கும் ருதேருவே காரணம் சொன்னார். குற்றம் செய்தவன் வழக்கம்போலப் பாடித் தப்பிக்கத்தான் பார்ப்பான். மேலே இருந்தபடி, பார்க்கக் கூடாத ஒருவரைக் கீழே பார்த்துவிட்டவன்தான், தான் பார்த்தது தெரிய வேண்டாமென்று வாயை மூடிக்கொள்வான்.

தெகோவா மகளைப் பார்த்தார். "எம்பொண்ணு கெடுதல் பண்ணிட்டாளோன்னு நெனச்சேன். அந்தப் பழி எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மரேத்தா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் மெச்ச வேண்டுமென்று தன் வீட்டு உரத்தை வைத்தது அவள். ரோத்தியா வைத்தது தன் தகப்பன் சொன்னது. இயோவானே வைத்தது செத்துப்போன பௌரோ அவன் காதில் சொல்லிவிட்டுப் போனது.

"என்ன வெச்சீங்கன்னு என் காதுல மட்டும் சொல்லுங்க. கழுவுற விதம் தெரியணும்," என்றார் ருதேரு. "எனக்குத்தான் குழி கிடையாதே."

வேறொருவர் கேட்டிருந்தால் உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று பேரும் தனித்தனியாகப் போய் அவர் காதில் குனிந்தார்கள். அவர் முகம் மாறவே இல்லை. மூன்றும் அருமையான உரம், சேர்ந்தால்தான் ஆகாது என்று மட்டும் சொன்னார். ரோத்தியா போய் மரேத்தாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். கூடையைப் பிரித்துப் பொழுது சாயும்வரை எல்லோருமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். இலைகள் போனது போனதுதான். உள்ளே கிழங்கு மட்டும் கெடாமல் கல் மாதிரி இருந்தது. கல்யாணத்தன்று இரண்டு பேர் அதைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தபோது இயோவானே பந்தியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அன்று குழியிலிருந்து திரும்பும் வழியில் ருதேரு தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். என்னவென்று பிரிபோ விடாமல் நச்சரித்தான்.

"மூணு வீட்டு ரகசியமும் ஒண்ணேதான்டா," என்றார் கடைசியில்.

"அத அங்கயே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"அந்தப் பையனுக்கு அவங்கப்பன் காதோரமாச் சொல்லிட்டுப் போன கடைசிப் பேச்சு அது. ஊரெல்லாம் உள்ளதுதான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அது என்ன என்று கேட்கப் பிரிபோ வாயைத் திறந்தான். ஜுரத்தில் கிடந்த அப்பா தங்கள் வீட்டு உரத்தைச் சொல்ல அவன் காதருகே உதட்டைக் கொண்டுவந்த அந்த விடியற்காலை அவனுக்கு நினைவுக்கு வந்தது. அந்த மூச்சின் சூடுகூட ஞாபகமிருந்தது. கேட்டால் கம்பவுண்டர் சொல்லிவிடுவார். அவன் வாயை மூடிக்கொண்டு மழை வருமா என்று விசாரித்தான். வரும் என்றார் ருதேரு.