புரொஃபசர் கிண்டெலாவின் எண்ணூறு அட்டைகள்

நவம்பர் 2, காலை 9.40. கல்லறைத் திருநாள். ஜுயிஸ் ஜி ஃபோரா நகரமே கல்லறைகளைக் கழுவிவிட்டு ஈர முழங்காலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஜசிராவை மட்டும், கொலை நடந்ததுபோல் அவசரமாக அழைத்திருந்தார்கள். காணாமல் போனது ஒரு பெட்டி.

"முப்பது வருஷ உழைப்பு மேடம்," என்றார் புரொஃபசர் பெலிசாரியோ கிண்டெலா. "ஒரே விஷயத்தைக் கட்டிக்கிட்டு அழறவங்களுக்கு இங்கிலீஷ்லயும் போர்ச்சுகீஸ்லயும் உள்ள அத்தனை வார்த்தையும் அதுல இருக்கு. கீக், நெர்ட், ஃபனாட்டிகோ, விசியாடோ... எண்ணூறு அட்டை. ஒவ்வொண்ணுலயும் உதாரணத்துக்கு ஒரு ஆள். நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

அந்த எண்ணூறில் ஒன்றுகூடத் தமக்குப் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

"யார் மேல சந்தேகம்?"

"தியோடோசியோ. பல்கலைக்கழகத்துல என் எதிரி."

"அவர் போன மாசமே லிஸ்பன் போயிட்டாரே," என்றாள் மனைவி சுலெய்டி.

"ஆள் வச்சுச் செஞ்சிருப்பான்."

பெட்டி இருந்த அறையின் பூட்டு உடையவில்லை. சாவி புரொஃபசரின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

"கழட்டவே மாட்டீங்களா?"

"குளிக்கும்போது மட்டும். ஏழு மணிக்கு. அரை மணி நேரம்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க, சுலெய்டி மேடம்?"

"ஏழரைக்குக் கிளம்பினேன். மகன் கல்லறையைத் தேய்ச்சுக் கழுவிட்டு இப்பதான் வந்தேன்."

சமையலறை வாசலில் அவள் கொண்டுபோன வாளி இருந்தது. உள்ளே ஒரு துணி, கடை மடிப்புக்கூடக் கலையாமல். ஜசிரா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

10.15.

"எடுத்தது உங்க மனைவிதான் சார். ஊர்ல எல்லார் வாளியிலயும் துணி நனைஞ்சிருக்கு. இதுல மட்டும் நனையல. இன்னிக்கு இந்த வாளி தண்ணி சுமக்கல, அட்டை சுமந்துச்சு. மேல பூவைப் போட்டு மூடினா யார் கேக்கப் போறா?"

சுலெய்டி மறுக்கவில்லை. "ஒரு அட்டைதான் எனக்கு வேணும். அவர் குளிச்சு வர்றதுக்குள்ள தேட முடியல. அதான் மொத்தமா எடுத்தேன். விசியாடோ. போதையை விட முடியாதவன். அதுக்குக் கீழ எங்க ஈவோ பேரை எழுதி வச்சிருக்கார். புள்ள செத்தது போதாதுன்னு புத்தகத்துல வேறயா?"

"நல்ல உதாரணம் அது," என்றார் புரொஃபசர், சற்றுத் தணிந்த குரலில். "மத்ததெல்லாம்?"

"பெட்டியோட மாடி அலமாரியில இருக்கு. அந்த ஒண்ணை மட்டும் வாளியில கொண்டுபோய் கல்லறையில அவன்கிட்டயே வச்சுட்டு வந்துட்டேன். கழுவறதுக்குக் கை வரல."

எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் பத்திரம் என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. புதிதாக ஓர் அட்டையை எடுத்து நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். பாதியில் பேனா நின்றது.

"சுலெய்டி, சாகறப்ப அவனுக்கு வயசு பத்தொன்பதா, இருபதா?"

ஜசிரா அவர் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல உருவி மேசைமேல் வைத்தாள்.