முந்நூறு என்ற எண்

காலை 10.40. அவசர அறுவை அரங்கில் ஓர் ஆசிரியை இறந்துபோனார். அவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு மருத்துவமனையின் தரவுத்தளத்தில் இருந்தது. நர்ஸ் அதைத் திறக்கப் போராடியும் அரங்குக் கணினிக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. கொடுக்கக் கூடாத மருந்தைக் கொடுத்துவிட்டார்கள்.

பிற்பகல் 2.15. இன்ஸ்பெக்டர் அம்மாள் கணினி அறைக்குள் வந்தார். பதினோரு வருடமாகத் தரவுத்தளத்தைக் கவனித்துவரும் மூத்த நிர்வாகி நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு வந்து மூன்றே வாரமான உதவி நிர்வாகி, அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஒரே நேரத்துல எத்தனை கணினி இணையலாம்கிற எண்ணை முந்நூறுலேர்ந்து முப்பதாக் குறைச்சது நீதானேம்மா?”

“நான்தான் மேடம். காலையில எல்லாமே மெதுவா ஓடுச்சு. குறைச்சா வேகம் கூடும்னு நினைச்சேன்.”

“குறைக்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலையா?”

“கையேட்டுல தேடினேன். அந்த எண் இருக்கிற அமைப்புக் கோப்புலயும் பார்த்தேன். ஒண்ணுமில்ல. சார்கிட்ட போனேன். ‘இதுக்கெல்லாமா என்னைக் கேப்பே’ன்னுட்டார்.”

மூத்தவர் குறுக்கிட்டார். “பொய். கையேட்டை யாரும் புரட்டமாட்டாங்கன்னுதான் கோப்புலயே, அந்த எண்ணுக்கு மேலயே எழுதி வெச்சேன். நாலு வருஷம் ஆச்சு.”

திரையைத் திருப்பிக் காட்டினார். ‘எச்சரிக்கை: புதிதாக வருபவள் இந்த எண்ணைக் குறைக்கக் கூடாது.’

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார்.

“இவளுக்கு முன்னாடி இந்த வேலையில யாரு இருந்தா?”

“மூணு பேர் மாறினாங்க. மூணுமே பசங்கதான்.”

“நாலு வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு வருவான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? ‘வருபவள்’னு எழுதியிருக்கீங்களே.”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

2.50. அந்தக் கோப்பை நேற்று நகலெடுத்து வைத்த காப்புப் பிரதியை எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதில் எண் இருந்தது, எச்சரிக்கை இல்லை.

“அந்தம்மா இறந்த பிறகு எழுதியிருக்கீங்க. முன்னாடியே ஏன் எழுதலை?”

மூத்தவர் நாற்காலியில் சரிந்தார். “எல்லாம் என் தலைக்குள்ளயே இருந்துச்சு மேடம். எழுதி வெச்சுட்டா அப்புறம் என்னை யாரு தேடுவா?”

வாசலில் நின்றிருந்த கான்ஸ்டபிள் அவரை அழைத்துப் போனார்.

“ஆனா எண்ணை மாத்தினது நான்தானே மேடம்?” என்றாள் அவள்.

 இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கைத் தாளை எடுத்தார்.

“ஆமாம்மா. அதை எழுதாம விட முடியாது. நீ தேடினதையும், கேட்டதையும் சேர்த்தே எழுதறேன்.”