நாலு தட்டு

தமிழ் டீச்சர் எதுகை சொல்லிக் கொடுத்தார்.

"ஒவ்வொரு வரியிலயும் ரெண்டாவது எழுத்து ஒண்ணா வரணும். கை தட்டினா வரிக்கு நாலு தட்டு. நண்பரைப் பத்தி நாலு வரி எழுதுங்க, பார்க்கலாம்!"

ஐந்தாம் வகுப்பில் ஓயாமல் பேசுகிறவள் ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் அவள் வாயாடிதான். பக்கத்தில் உட்காரும் உயிர்த்தோழி சுருட்டையைப் பற்றி அவள் எழுதினாள். எழுந்து, கை தட்டியே படித்தாள்.

"டக்கு டக்குன்னு சத்தம் கேட்குது,
பக்கம் பார்த்தால் சுருட்டை வருது,
அக்கா ஷூவோ ஆளை இழுக்குது,
எக்கச்சக்கக் காகிதம் இருக்குது!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் வகுப்பை அடக்கினார். சுருட்டை மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் ஷூ பெரிதாக இருந்ததால் உள்ளே காகிதம் திணித்திருப்பதை அவள் வாயாடியிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

மறுநாள் சுருட்டை வெறுங்காலோடு வந்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வெயிலில் மைதானம் கொதித்தது. அவள் விளையாடவே போகவில்லை.

"இனி யாரும் அதைப் பாடக் கூடாது" என்றார் டீச்சர்.

யாரும் பாடவில்லை. பெஞ்சில் தட்டினார்கள். வரிக்கு நாலு தட்டு. வார்த்தையே இல்லாமல் எல்லாருக்கும் பாட்டு கேட்டது. தட்டினதற்கு எந்த டீச்சர் அடிப்பார்?

"நிறுத்துங்கடா!" என்று வாயாடி கத்தினாள்.

"நீதானே எழுதின?" என்றான் முன்பெஞ்சுக் குண்டன்.

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. போன ஆண்டுவிழாவில் அவள் மேடையிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அப்போது ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை அவள் மேல் கவிழ்த்து, "ஐயோ, கொட்டிடுச்சு!" என்று காப்பாற்றியது சுருட்டைதான். இன்றுவரை அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பாட்டை அழிக்க முடியாது. ஆனால் அதே தட்டுக்கு வேறு பாட்டு போடலாமே? இதைவிடச் சிரிப்பு வரும் பாட்டாக இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, இடைவேளையில் பெஞ்சு மேல் ஏறி நின்றாள். கை தட்டிப் பாடினாள்.

"திக்குத் திக்குன்னு நெஞ்சு அடிக்குது,
மக்கு வாயாடிக்கு மேடை சுத்துது,
முக்கால் பாட்டுல ஒண்ணுக்கு வருது,
எக்கச்சக்கமா பாவாடை நனையுது!"

"நிஜமாவா?" என்றான் குண்டன்.

"நிஜம்தான்."

மதியத்துக்குள் பள்ளிக்கூடமே பாடியது. பெஞ்சில் தட்டினால் இப்போது எல்லாரும் வாயாடியைத்தான் பார்த்தார்கள். அவள் காது சிவந்தது.

தண்ணீர்க் குழாயருகே சுருட்டை வந்து நின்றாள்.

"ஏன்டி சொன்ன? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"தெரியும்டி."

"நான் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"அதுவும் தெரியும். மன்னிச்சிடு."

சுருட்டை திரும்பி வகுப்புக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். வாயாடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் அன்று விளையாட்டு நேரத்தில் சுருட்டை அக்காவின் ஷூவைப் போட்டுக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினாள். ஒருவர்கூட அவள் காலைப் பார்க்கவில்லை.

வாயாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் தன்னோடு பேசாவிட்டால் என்ன, ஓடுகிறாளே!