கீழ்த்தளத்துத் தண்ணி

நிலாக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிள்ளைத்தாச்சிகள் வாரம் ஒருநாள் வினவியின் முன்னால் போய் உட்கார்ந்து, வயிற்றுப் பிள்ளையை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கி வருவார்கள். வினவி என்பது கேள்வி கேட்கிற இயந்திரம். குடிகாரி என்று அது தீர்மானித்துவிட்டால், பிள்ளையை எடுத்து, புறக்கருப்பை என்கிற செயற்கைக் கருப்பையில் வளர்த்து, மேல்தளத்துக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பேச்சிக்கனிக்கு ஏழாம் மாதம். மேல்தளத்தார் நிலவின் வெளிப்பரப்புக்குப் போட்டுப் போகிற காற்றுடைகளைக் கழுவுகிற வேலை. மதுவை அவள் மோந்துகூடப் பார்த்ததில்லை.

"தண்ணி குடிப்பீங்களாம்மா?" என்றது வினவி.

"குடிக்காம? நாளைக்கு எட்டுத் தம்ளர் குடிக்கச் சொல்லியிருக்காங்க டாக்டரம்மா. தாகம் இல்லாட்டியும் குடிப்பேன்."

"ஏட்டி, புள்ளைய மீனாப் பெக்கப் போறியா?" என்று வரிசையில் நின்ற சுடலி சிரித்தாள்.

வினவி சிரிக்கவில்லை. சிவப்பு விளக்குதான் எரிந்தது.

விஷயம் இவ்வளவுதான்: வினவிக்குள் இரண்டு அகராதிகள் இருந்தன. மேல்தளத்தார் சொன்னால் தண்ணி என்பது தண்ணீர். கீழ்த்தளத்தார் சொன்னால் சாராயம்.

பேச்சிக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேல்தளம் ஓடினாள். வினவியின் தீர்ப்புகளுக்கு ஒப்புதல் தருகிற அதிகாரி சம்யுக்தாவும் ஏழு மாதக் கர்ப்பிணிதான். மதியச் சாப்பாட்டோடு கொஞ்சம் ஒயின் பருகிக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடக் கடவுளே, பச்சத் தண்ணியா! உடனே திருத்திடலாம்."

"நீங்க நல்லா இருக்கணும் மேடம். உங்க புள்ளையும் நல்லா இருக்கணும்."

சம்யுக்தா திரையைத் தொட்டாள். திருத்த வேண்டுமானால், அதே மாதத்திலிருக்கும் மேல்தளத்துப் பெண் ஒருத்தியிடமும் வினவி இதே கேள்வியைக் கேட்கும். இருவர் மூச்சையும் மோந்து பார்க்கும். மேல்தளத்தில் இதுவரை எவளிடமும் அது கேட்டதில்லை.

'ஒப்பீட்டுக்குத் தாங்கள் தயாரா?' என்றது திரை.

சம்யுக்தா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"உன்னை நம்புறேன், பேச்சிக்கனி. ஆனா மெஷின் சும்மா சொல்லாதுல்ல? எல்லாம் உன் பிள்ளையோட நல்லதுக்குத்தானே?"

"வெறுந் தண்ணி மேடம்! என்னை ஊதச் சொல்லுங்க, இப்பவே ஊதுறேன்!"

சம்யுக்தா ஒப்பீட்டை மறுத்துவிட்டு, வினவியின் தீர்ப்புக்கு ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். காரணம் என்ற இடத்தில் 'தாயின் சொந்த வாக்குமூலம்' என்று எழுதினாள். அலறியவளைக் காவலர் இருவர் அறுவைக்கூடத்துக்கு இழுத்துப் போனபோது, மனசு பொறுக்காமல் பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

"பாத்து மெதுவாக் கூட்டிட்டுப் போங்கப்பா," என்றாள். "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு."